முப்பத்தேழு வகுபடாது

முனியராஜிடம் இரண்டு சான்றிதழ்கள் இருந்தன. ஒன்று பல்கலைக்கழகம் கொடுத்தது: பி.எஸ்ஸி. கணிதம், முதல் வகுப்பு. இன்னொன்று தாசில்தார் கொடுத்தது: இவருடைய குடும்பத்தில் இதற்கு முன் பட்டதாரி எவரும் இல்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று அதற்குப் பெயர். அப்பன், பாட்டன், முப்பாட்டன் ஒருவரும் படிக்கவில்லை என்பதைக் கோபுர முத்திரை குத்தி உறுதி செய்யும் காகிதம் வேறு எந்த நாட்டிலாவது கிடைக்குமா தெரியவில்லை. முனியராஜ் இரண்டையும் சாத்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் லேமினேஷன் போட்டு வைத்திருந்தான். தாசில்தார் கொடுத்ததற்குக் கொஞ்சம் தடிமனான பிளாஸ்டிக்.

படித்து முடித்த கையோடு சூலக்கரை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்று பதிந்துவிட்டு வந்தான். அங்கே அவனுக்கு முன்னால் நின்றவர்களை எண்ணி, வருடத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடுகிறார்கள் என்று விசாரித்து, ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்தான். அவன் முறை வரும்போது ஓய்வு பெறும் வயதும் சேர்ந்தே வரும் என்று விடை வந்தது. கணிதம் படித்ததால் கிடைத்த முதல் பலன் அது.

பிறகு அம்மா அய்யம்மாள் போய்ப் பேசினாள். அவள் திருத்தங்கல் பக்கம் சீனிவாசகம் அண்ணாச்சியின் பட்டாசு கம்பெனியில் பதினாறு வருடமாகப் பேக்கிங்கில் இருப்பவள். அண்ணாச்சி மனது வைத்து, பையனை ஆபீஸில் உட்கார வைத்தார். ஸ்டாக் எழுதுவது, கம்பெனி பஸ்ஸில் யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று குறிப்பது, அண்ணாச்சி கேட்கும்போது பெருக்கிச் சொல்வது. கால்குலேட்டர் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் டிகிரி படித்த ஒருவன் வாயால் சொல்லும்போது பெருக்கலுக்குத் தனி மரியாதை வருவதாக அண்ணாச்சி நினைத்தார்.

ஆபீஸில் முனியராஜுக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலியிலிருந்து மருந்து அறைக்கு இருநூறு மீட்டர். வெடிமருந்தை இங்கே மருந்து என்றுதான் சொல்வார்கள். யாருக்கும் இதுவரை குணமானதில்லை. அவனுடைய அப்பா சங்கிலிமுத்து இருபத்திரண்டு வருடம் மருந்து அலசியவர், அதாவது பொடிகளைக் கையால் கலந்தவர். இடது கையில் இப்போது மூன்று விரல். மூன்று வருடம் கல்லூரிக்குப் போய், கடன் வாங்கி, பஸ்ஸில் தொங்கி, முனியராஜ் சம்பாதித்தது என்னவென்று கேட்டால் அந்த இருநூறு மீட்டர்தான். அது குறைச்சல் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்பாவுக்கு இருபது மீட்டர்கூட இருந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மதுரையிலிருந்து எண்கணித ஜோதிடர் வந்தார்.

அவரும் எண்களைப் படித்தவர்தான். அவர் வந்தது ஏசி காரில். முனியராஜ் வருவது கம்பெனி பஸ்ஸில், பெரும்பாலும் நின்றுகொண்டு. கணிதத்தில் பல பிரிவுகள் உண்டு.

கம்பெனியின் பேர்போன சரக்கு தரைச்சக்கரம். ஒரு டப்பாவுக்கு முப்பத்தைந்து. ஐந்து வரிசை, வரிசைக்கு ஏழு. போன சீசனில் அது சரியாகப் போகவில்லை. மழை பெய்தது, வடக்கே தடை போட்டார்கள், சக்கரங்களில் பாதி சுற்றாமல் நின்ற இடத்திலேயே புகைந்தன என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். ஜோதிடர் இவை எதையும் ஏற்கவில்லை. மூன்றையும் ஐந்தையும் கூட்டச் சொன்னார். எட்டு வந்தது. எட்டு என்றால் சனி. ஆட்களின் பிறந்த தேதியில் எட்டைக் கண்டாலே ஒதுங்கும் அண்ணாச்சி, இத்தனை வருடம் டப்பா டப்பாவாகச் சனியை அடைத்து விற்றிருக்கிறார்.

"கூட்டிக் கூட்டிக் கடைசியில ஒண்ணு வரணும். சூரியன். நெருப்புத் தொழிலுக்கு அவருதான் அதிபதி. இருபத்தெட்டு வைங்க, முப்பத்தேழு வைங்க, நாப்பத்தாறு வைங்க. உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஜோதிடர் காரில் ஏறினார்.

அண்ணாச்சி முனியராஜைக் கூப்பிட்டார். "ஏலே, நீ கணக்கு படிச்சவன். மூணுல எது நல்ல நம்பரு?"

வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் தன்னிடம் எண் கோட்பாட்டில் சந்தேகம் கேட்கிறார் என்று முனியராஜுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. 'இருபத்தெட்டு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கலாம். விளக்கம் சொல்லத் தொடங்கினான்.

"இருபத்தெட்டுதான் அண்ணாச்சி. அது நிறை எண். ஒண்ணு, ரெண்டு, நாலு, ஏழு, பதினாலு, இம்புட்டாலயும் வகுபடும். அந்த அஞ்சையும் கூட்டுனா மறுபடியும் இருபத்தெட்டே வரும். அப்படி அமையுறது ரொம்ப அபூர்வம். டப்பாவுலயும் நாலு வரிசை, ஏழு ஏழா அழகா உக்காரும்."

"அஞ்சு விதமாப் பிரிக்கலாம்ங்கியா?"

"ஆமா அண்ணாச்சி."

அண்ணாச்சியின் முகம் மாறியது. அதற்குக் காரணம் இருந்தது. அவருக்கு மகேஷ்குமார், தருண்குமார் என்று இரண்டு மகன்கள். அவர்களுக்கு வாய்த்த மனைவிமார் பிரீத்தி, பிரீத்திகா. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், அதற்கே வீட்டில் இரண்டு சமையலறை. கம்பெனியைப் பாகம் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு அந்தப் பேச்சு வந்தாலே நெஞ்சைப் பிடிக்கும்.

"முப்பத்தேழு?" என்றார்.

"அது வேண்டாம் அண்ணாச்சி. பகா எண். ஒண்ணால வகுபடும், அதால அதையே வகுக்கலாம். வேற எதாலயும் வகுபடாது. அடுக்கவே முடியாது."

"ரெண்டால?"

"வகுபடாது."

"மூணால? தங்கச்சி ஒருத்தி இருக்கா எனக்கு."

"மூணாலயும் வகுபடாது."

"வக்கீலு வச்சு வகுத்தா?"

"யாரு வகுத்தாலும் மிச்சம் நிக்கும் அண்ணாச்சி."

அண்ணாச்சி எழுந்து நின்று சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். யூக்ளிட் காலத்திலிருந்து பகா எண்ணுக்கு இப்படி ஒரு மரியாதை நடந்ததாகத் தகவல் இல்லை. "முப்பத்தேழுதான். முடிஞ்சது பேச்சு. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள டப்பாவுல அடுக்கிக் காட்டு. ஆடிப் பதினெட்டுக்குப் புது விலைப்பட்டியல் வந்தாகணும்."

"அடுக்க முடியாதுன்னுதான் அண்ணாச்சி சொன்னேன்."

"முடியாதுன்னு சொல்றதுக்கு டிகிரி எதுக்குலே? அதுக்கு ஆயிரம் பேரு கெடக்கான். உள்ள மருந்துக்கு ரெண்டு ஆளு பத்தல. வெள்ளிக்கிழமை டப்பா வரலன்னா நீ அங்கன போயிரு."

முனியராஜ் நாற்காலிக்குத் திரும்பினான். இருநூறு மீட்டர் அன்றைக்குக் கண்ணுக்கு மிகவும் பக்கமாகத் தெரிந்தது.

திங்களும் செவ்வாயும் அவன் பழைய விலைப்பட்டியல்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டான். ஆறுக்கு ஆறு அடுக்கினால் முப்பத்தாறு. மிஞ்சிய ஒன்றை மேலே வைத்து மூடினால் டப்பா ஆறு மாதக் கர்ப்பிணி மாதிரி நின்றது. ஒரே வரிசையாக அடுக்கினால் நீளம் ஆளுயரம். அதைப் பட்டாசு என்று சொல்லி பஸ்ஸில் ஏற்ற முடியாது, மூங்கில் என்று சொல்ல வேண்டும். பெரிய மகன் மகேஷ்குமார் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்தவர். எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் தீர்வு சொன்னார்.

"டப்பாவுல முப்பத்தேழுன்னு பிரிண்ட் பண்ணு, உள்ள முப்பத்தாறு வையி. பத்தாயிரம் வாலாவை எவன் எண்ணிப் பாத்திருக்கான், இத எண்ணுறதுக்கு?"

நிர்வாகவியல் என்பது தனிப் படிப்புதான். ஆனால் அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. வாடிக்கையாளருக்குப் பயந்து அல்ல. "சூரிய பகவான் எண்ணுவாருலே" என்றார்.

புதன்கிழமை மத்தியானம், சோற்றை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தபோது முனியராஜுக்குப் பொறி தட்டியது. அவன் சதுரத்தையும் செவ்வகத்தையுமே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறான். சக்கரம் வட்டம். ஒரு வட்டத்தைச் சுற்றி அதே அளவு வட்டங்களை ஒட்டி வைத்தால் சரியாக ஆறு உட்காரும். ஒன்று கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அந்த ஆறைச் சுற்றிப் பன்னிரண்டு. அதைச் சுற்றிப் பதினெட்டு. ஒன்று, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. கூட்டினான். முப்பத்தேழு. இன்னொரு தடவை கூட்டினான். அப்போதும் முப்பத்தேழுதான் வந்தது. எதாலும் வகுபடாத எண், ஆறு மூலையும் நிரம்பி, இண்டு இடுக்கில்லாமல் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் ஆண்டில் பேராசிரியர் இதைக் கரும்பலகையில் போட்டபோது இது எங்கே தம்பி பிரயோஜனப்படப் போகிறது என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். முனியராஜும் சேர்ந்து சிரித்திருந்தான்.

சோற்றை மூடிவிட்டுப் பேக்கிங் அறைக்கு ஓடினான். அங்கே பதினான்கு பெண்கள். நடு மேசைக்குத் தலைமை பாண்டிச்செல்வி; வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடியவள். ஓரத்தில் அய்யம்மாள். முனியராஜ் சுவரில் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தான். மைய அறுகோண எண் என்றால் என்ன, n-ஆவது சுற்றில் ஏன் ஆறு n வருகிறது, மூன்று n-ஐ n கூட்டல் ஒன்றால் பெருக்கி அத்துடன் ஒன்று சேர்த்தால் மொத்தம், இங்கே n என்பது மூன்று. இருபது நிமிடம். மந்திரி பேச்சைக் கேட்பதுபோல எல்லாரும் மரியாதையாக, எதையும் கேட்காமல் இருந்தார்கள். அய்யம்மாளுக்கு மகன் பேசுவது பெருமையாகவும் இருந்தது, எப்போது நிறுத்துவான் என்றும் இருந்தது.

பாண்டிச்செல்வி சுவரில் இருந்த படத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இது ஏழு புள்ளி, ஊடு புள்ளி, நாலுல நிறுத்துறது. அதான?"

"இல்லக்கா, இது மைய அறு..."

"நடுவுல ஏழு. ஏறுனா ஆறு, அஞ்சு, நாலு. எறங்குனாலும் ஆறு, அஞ்சு, நாலு. மார்களியில தெருவுல போடுறதுதான?"

முனியராஜ் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். ஏழும் பதினைந்தும் பதினைந்தும். முப்பத்தேழு. "அதேதான்க்கா" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இதுக்கா இம்புட்டு நேரம் சொவத்த அழுக்காக்குன? புள்ளி எத்தனன்னு சொல்லியிருந்தா நாங்க வச்சுட்டுப் போயிருப்போம்ல. அய்யம்மக்கா, காலேஜுல கோலமா சொல்லிக் குடுக்காக?"

"அதுக்கு மூணு வருசமாம்" என்றாள் அய்யம்மாள்.

அறை முழுக்கச் சிரித்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பாண்டிச்செல்வியின் கை முப்பத்தேழு சக்கரத்தை மேசையில் அடுக்கி முடித்திருந்தது. நேர்த்தியான அறுகோணம். விரலால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தாள், ஒன்றும் அசையவில்லை. முன்பெல்லாம் ஐந்துக்கு ஏழு டப்பாவில் ஓர் இடத்தில் தட்டினால் மூன்று இடத்தில் ஆடும். முனியராஜ் இருந்தாலும் தன் பங்குக்கு, "இது தேன்கூட்டு அமைப்பு. இதவிட நெருக்கமா வட்டத்த அடுக்கவே முடியாதுன்னு நிரூபிச்சிருக்காங்க" என்றான். "நிரூபிச்சவுகளுக்கு மூடி போட வருமா?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி.

மூடி வியாழக்கிழமை திருத்தங்கல் பிரஸ்ஸில் வெட்டப்பட்டது. ஆறு மூலை டப்பா என்றதும் பிரஸ்காரர் ஸ்வீட் கடை ஆர்டரா என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை டப்பா அண்ணாச்சியின் மேசைக்கு வந்தது. அண்ணாச்சி மூடியைத் திறந்து, ஒன்று விடாமல் எண்ணினார். பிறகு பென்சிலால் வகுத்துப் பார்த்தார். இரண்டால், மூன்றால், நான்கால், பன்னிரண்டு வரைக்கும். ஒவ்வொரு தடவை மிச்சம் வந்தபோதும் முகம் மலர்ந்தது. பள்ளிக்கூடத்தில் மிச்சம் வந்ததற்காக அடி வாங்கிய தலைமுறை அது.

முனியராஜுக்கு அப்போதாவது வாயை மூடத் தெரிந்திருக்க வேண்டும். வெற்றி அவனைச் சும்மா விடவில்லை.

"இன்னொண்ணு அண்ணாச்சி. அஞ்சு டப்பா எடுத்தா நூத்தி எண்பத்தஞ்சு சக்கரம். ஒண்ணு, எட்டு, அஞ்சு. கடைசி அஞ்சத் தூக்கி முன்னால வைங்க. ஐநூத்திப் பதினெட்டு. அதுவும் முப்பத்தேழால வகுபடும், பதினாலு தடவ. மறுபடி எட்டத் தூக்கி முன்னால வைங்க. எண்ணூத்தி ஐம்பத்தொண்ணு. அதுவும் வகுபடும். முப்பத்தேழோட மடங்கு மூணு இலக்கத்துல வந்தா, எப்படிச் சுத்திவிட்டாலும் முப்பத்தேழு விட்டுப் போகாது."

"சுத்திவிட்டாலும்?"

"ஆமா அண்ணாச்சி. சக்கரம் மாதிரி."

அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"பெட்டிக்கு இருபத்தேழு டப்பா வச்சா மொத்தம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது வரும்" என்று முனியராஜ் மேலும் ஊற்றினான்.

"ஆயிரத்துக்கு ஒண்ணு கொறச்சல். கண்ணு படாது" என்றார் அண்ணாச்சி. ஜோதிடர்கூட இப்படி யோசித்திருக்க மாட்டார். "யாருலே அங்கன, அய்யம்மாளக் கூப்பிடு."

அய்யம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அண்ணாச்சி மேசை டிராயரிலிருந்து முனியராஜின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகலை எடுத்து வைத்தார்.

"பொறந்த தேதி ஜூன் ஒண்ணு. பாத்தியா? இவனே ஒண்ணாம் நம்பரு. இவன் கொண்டுவந்த முப்பத்தேழும் ஒண்ணு. அய்யம்மா, நம்ம ஃபோர்மேன் மாரீஸ்வரனுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, ஆவணியோட வேலைய விட்டு நிக்கேங்கான். ஒம் மகன ஃபோர்மேன் ஆக்கப் போறேன். படிச்ச கையெழுத்து. சந்தோசந்தான?"

இந்தத் தொழிலில் ஃபோர்மேன் என்பவர் நாள் முழுக்க மருந்து அறைகளுக்கு இடையில் நிற்பவர். ஒன்றும் ஆகாத நாளில் அவர் முதலாளிக்கு அடுத்தவர். ஏதாவது ஆகிவிட்ட நாளில் முதலாளிக்கு முந்தியவர், எஃப்.ஐ.ஆரில். முதல் கையெழுத்து அவருடையது என்பதால் முதல் பெயரும் அவருடையதுதான். தோற்றால் மருந்து அறைக்கு அனுப்புவார்கள் என்று பயந்து மூன்று நாள் தூங்காமல் இருந்தவன், ஜெயித்து அதே இடத்துக்குப் போகிறான். பாராட்டோடு, சம்பள உயர்வோடு. வேண்டாம் என்றால் கம்பெனியை விட்டே போக வேண்டும்.

அய்யம்மாள் மேசையில் இருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, இருந்தாலும் பார்த்தாள்.

"அது தலைமை வாத்தியாரு போட்ட தேதி அண்ணாச்சி. அந்த வருசம் சேந்த இருவத்தோரு புள்ளைகளுக்கும் ஜூன் ஒண்ணுதான். இவன் பொறந்தது இருவத்தாறு."

"இருவத்தாறா?"

"இருவத்தாறுதான். நல்லா ஞாவகம் இருக்கு."

அண்ணாச்சி விரல்விட்டு எண்ணினார். இரண்டும் ஆறும். நாற்காலியோடு அரையடி பின்னால் போனார்.

"எட்டு" என்றார்.

முனியராஜ் பக்கம் திரும்பினார்.

"ஏலே, ஒன் நெழலு மருந்துப் பக்கம் விழப்படாது. கேட்டியா? எம்புட்டு சரக்கு கெடக்கு அங்கன. நல்லவேள, ஒங்க ஆத்தா சொன்னா." பிறகு யோசித்தார். எட்டை ஆபீஸில் வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் யோசனை என்று முகத்திலேயே தெரிந்தது. கை தானாக டப்பாவின் மூடியைத் தடவியது. "ஒன்ன வெளியவும் அனுப்ப முடியாதே. வகுபடாத நம்பரக் கொண்டாந்தவன கம்பெனிய விட்டு அனுப்புனா அது எனக்கு வகுபட்டுப் போயிரும். நீ இங்கனயே இரு. அந்த நாற்காலிய மட்டும் இன்னும் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் போட்டுக்க. கேட்டுப் பக்கமா."

மாரீஸ்வரனுக்குப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்து இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்வது என்று முடிவானது. சிவப்பு நாற்காலி அன்றைக்கே நகர்ந்தது. முனியராஜ் அடியளந்து பார்த்தான். மருந்து அறைக்கு இப்போது இருநூற்று முப்பது மீட்டர்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பஸ் முனிசிபாலிட்டி எல்லை தாண்டியது. பிறகு மெதுவாக, "நெசமாவே இருவத்தாறாம்மா?" என்றான்.

"எனக்கென்னலே தெரியும்? அன்னைக்கு நல்ல மழ. ஒங்கய்யா ஷிப்டுக்குப் போயிட்டாரு."

"பின்ன எப்படி டக்குனு சொன்ன?"

"எட்டு வர்ற தேதியாச் சொல்லணும்ல. மாசத்துக்கு மூணுதான் கெடக்கு." அய்யம்மாள் தூக்குவாளியை மடியில் மாற்றி வைத்துக்கொண்டாள். "பதினேழச் சொல்லலாம்னுதான் மொதல்ல வந்துச்சு. அத பாண்டிச்செல்வி அவ மகனுக்குன்னு வச்சிருக்கா. அவன் இந்த வருசம் பன்னெண்டாவது முடிக்கான்."

"எட்டாந் தேதி?"

"அது எங்க பேக்கிங் வேல்விழி வீட்டுப் பயலுக்கு. போன வருசமே சொல்லியாச்சு. அதான் அவன் மருந்துக்குப் போகாம லோடு வண்டியோட போறான்."

முனியராஜ் சன்னலுக்கு வெளியே பார்த்தான். "அடுத்தாப்புல பயலுக வந்தா என்ன செய்வீக?"

"ஒரே தேதியில ரெண்டு பேரு பொறக்கக் கூடாதாலே?" என்றாள் அய்யம்மாள். "ஜூன் ஒண்ணுல இருவத்தோரு பேரு பொறக்கலியா?"